ஆனியில் ஒரு சரஸ்வதி பூசை

உதயகலா செய்தது ஒரேயொரு பிழைதான். அதை ஒரே நாளில் ஐந்து தரம் செய்தாள்.

அன்று விஜயதசமி. கோப்பாய் என்றில்லை, யாழ்ப்பாணம் முழுக்கவே அந்தக் காலையில் பிள்ளைகளைப் பிடித்து எதையாவது தொடக்கிவிடுவார்கள். மூன்று வயதுக்காரர் அரிசியில் 'அ' எழுதுவார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் பாட்டோ நடனமோ தொடங்குவார்கள். நல்ல நாளில் தொடங்கியது நிலைக்கும் என்பது நம்பிக்கை. உதயகலாவுக்கு அந்த நம்பிக்கை மற்றவர்களைவிட ஒரு பிடி கூட. இவ்வளவு நல்ல நாளில் ஒன்றை மட்டும் தொடங்கிவிட்டு மிச்ச நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைத்தாள். எட்டு வயது மகள் ஆரணியை ஸ்கூட்டியில் ஏற்றினாள். ஐந்து தட்டம், ஐந்து சோடி வெற்றிலை பாக்கு, ஐந்து சீப்பு வாழைப்பழம்.

இணுவிலில் குணலட்சுமி ரீச்சரிடம் நடனம். கோயில் மண்டபத்தில் பண்ணிசை. திருநெல்வேலியில் ஆங்கிலம். உரும்பிராயில் கராத்தே. கடைசியாகச் சதுரங்கம். சதுரங்கம் பழக்குகிற லெனாட் சேர் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். காலை பதினொரு மணிக்குத் தட்டத்தோடு வந்து நின்ற தாயையும் காலில் விழுந்த பிள்ளையையும் கண்டு அவர் பாவம் திகைத்துப்போனார். வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு காலாளை இரண்டு கட்டம் முன்னால் தள்ளிவிட்டார். அதோடு அந்தக் கலையும் தொடங்கியாயிற்று.

புலி வாலைப் பிடிப்பது லேசு, விடுவதுதான் பாடு. நல்ல நாளில் தொடங்கியதைப் பாதியில் விட்டால் சரஸ்வதியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தியது போலாகும் என்று உதயகலாவுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது, அவளே. சண்டையில் ஊர் இடம்பெயர்ந்த வருடம் அவளுக்கு எட்டு வயது. விஜயதசமிக்கு நடனம் தொடங்கினாள். ஒரு மாதம் ஆவதற்குள் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அவளுடைய குட்டி நடனச் சீலை வீட்டோடு போயிற்று. திரும்பி வந்த பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பத்து வருடம் கழித்து உயர்தரத்தில் அவளுக்கு ஒரு பாடம் தவறியபோது மட்டும், "தொடங்கினதை விட்ட பிள்ளையெல்லோ" என்று வீட்டில் ஒரு பெருமூச்சு வந்தது. சண்டைக்கும் நடனத்துக்கும் சோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இதில் பகிடி என்னவென்றால், உதயகலா ஒரு முன்பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் கூட்டம் வைத்து, "விளையாட விடுங்கோ, விளையாட்டிலைதான் பிள்ளை வளரும்" என்று அழகாகச் சொல்லுவாள். கூட்டம் முடிந்ததும் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு மகளின் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடுவாள். ஊருக்குத்தான் உபதேசம்.

தை மாதம் ஆரணி நாலாம் ஆண்டுக்குப் போனாள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனைக்கு இப்போதே அத்திவாரம் போட வேண்டும் என்று ஊரே சொன்னதால் ரியூசனும் வந்து சேர்ந்தது. ஆரணி ஸ்கூட்டியில் இருந்தபடியே ரோல்ஸ் தின்னவும், மதில் ஓரமாக நின்றே உடுப்பு மாற்றவும், கராத்தே வகுப்பில் பண்ணிசைப் பாட்டை முணுமுணுத்துப் பாடமாக்கவும் பழகிக்கொண்டாள். அடம் பிடிக்கவில்லை. அழவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். உதயகலாவும் அதை நம்பினாள்.

கணவன் கோபிசங்கர் கோப்பாய்ச் சந்திக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவன். அதிகம் கதைக்க மாட்டான். ஒருநாள் சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்தபடி மெல்லச் சொன்னான்.

"கலா, ஒரு சின்ன மோட்டரிலை ஆறு தோட்டத்துக்கு இறைச்சால் என்ன நடக்கும் தெரியுமோ?"

"உங்கடை மோட்டர்க் கதையை விடுங்கோ."

"எரியும். நான் அதிலைதான் சீவிக்கிறன்."

"அப்ப எதை விடச் சொல்லுறியள்? ஐஞ்சும் விஜயதசமிக்குத் தொடங்கினது."

"ரியூசன் தைப்பொங்கலுக்குப் பிறகுதானே தொடங்கினது. அதை விடன்."

"அதை விட்டால் ஸ்கொலசிப்புக்கு என்ன செய்யிறது?"

கோபிசங்கர் சோற்றைப் பிசைந்தான். அவனுக்கு வாய்ச்சண்டை சரிவராது.

ஆனி மாதத்தில் ஒருநாள் வகுப்பாசிரியை நிமலினி ரீச்சர் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். உதயகலா போனாள். முதலாம் தவணைப் புள்ளிகள் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மூன்றாம் ஆண்டில் கணிதத்தில் தொண்ணூற்றொன்று எடுத்தவள் இப்போது ஐம்பத்துநாலு. தமிழ் எழுபதுக்கு இறங்கியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இன்னும் ஒரு ரியூசன் போடச் சொல்லப் போகிறார் ரீச்சர் என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் வெறுமையாகக் கிடப்பதை மனதில் குறித்துக்கொண்டே போனாள்.

நிமலினி ரீச்சர் புள்ளியைப் பற்றிக் கதைக்கவில்லை.

"பிள்ளை வகுப்பிலை கதைக்கிறேல்லை" என்றார்.

"குழப்படி இல்லை எண்டு சொல்லுறியளோ ரீச்சர்?"

"இல்லை. நான் அதைச் சொல்லேல்லை. போன வருசம் இவவோடை எனக்குப் பெரிய பாடு. மழை ஏன் சரிவாப் பெய்யுது, பூச்சியம் ஏன் வட்டமா இருக்கு எண்டு ஒரே கேள்வி. இப்ப ஒண்டும் இல்லை. நித்திரை கொள்ளுறா எண்டும் சொல்லேலாது. கண்ணை முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. நேற்று ஒரு கணக்குச் செய்விச்சனான். சரியோ பிழையோ எண்டு கேக்கேல்லை. 'முடிஞ்சுதா ரீச்சர்' எண்டு கேட்டவ."

உதயகலாவுக்குத் தன் குசினி நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆரணி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்று, வகுப்பில் நடந்தது முழுவதையும் ஒப்புவிப்பாள். யார் தும்மினது என்பதுகூட விடுபடாது. அது எப்போது நின்றது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அதைக் கவனிக்கக்கூட நேரம் இருந்திருக்கவில்லை.

"செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பிள்ளையளை ஒண்டரை மணித்தியாலம் வைச்சிருக்கிறன்" என்றார் ரீச்சர். "படிப்பில்லை. கிளித்தட்டு விளையாடுவினம், தோட்டத்துக்குத் தண்ணி விடுவினம், சும்மா மரத்துக்குக் கீழை இருந்து கதைப்பினம். ஆரணியை விடுங்கோவன்."

"அந்த ரெண்டு நாளும் இங்கிலீஷ் வகுப்பு, ரீச்சர்."

"ஒண்டிரண்டை நிப்பாட்டேலாதோ?"

உதயகலா விஜயதசமிக் கதையைச் சொன்னாள். தான் நடனத்தை விட்ட கதையையும், ஏனோ, சேர்த்துச் சொன்னாள். நிமலினி ரீச்சரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மெதடிஸ்த திருச்சபை. அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்கடை வீட்டிலை ஞாயிற்றுக்கிழமை தையல் மெசினைத் தொடக்கூடாது. எனக்கு இப்ப ஐம்பத்திமூண்டு வயசு. இண்டைக்கும் தொடமாட்டன்" என்றார். "உங்களை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளை கதைக்கிறேல்லை எண்டு சொல்ல இருக்கு. அதைச் சொல்லிப்போட்டன்."

அன்றிலிருந்து உதயகலாவுக்கு நிம்மதி போயிற்று. விட்டால் படிப்புப் போய்விடும் என்று பயம். விடாவிட்டால் பிள்ளையே போய்விடுவாள் போல இருந்தது. நாலு நாள் இரண்டுக்கும் நடுவில் கிடந்து உழன்றாள். மோட்டார்க்காரன் வாயைத் திறக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே திரிந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நடன வகுப்புக்கு வெளிக்கிட வேண்டும். மாடத்தில் நடனச் சீலை இல்லை. கொடியிலும் இல்லை. அலுமாரியிலும் இல்லை.

"ஆரணி, சீலை எங்கை?"

ஆரணி கூடத்துக் கதிரையில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள்.

உதயகலா தேடிக்கொண்டே சாமியறைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் வெள்ளைத் தலையணை உறை விரித்திருந்தது. அதன்மேல் நடனச் சீலை, நாலாக மடித்து. பக்கத்தில் கராத்தேயின் வெள்ளைப் பட்டி, சதுரங்கப் பெட்டி, பண்ணிசைக் கொப்பி, ஆங்கிலப் புத்தகம், ரியூசன் கொப்பிகள். எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளிக்கூடப் பை. மேலே மூன்று செவ்வரத்தம்பூ. அவல் கடலைக்கு எங்கே போவாள் பிள்ளை, ஒரு சிரட்டையில் இரண்டு பிஸ்கட் வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

ஆரணி வாசலில் வந்து நின்றாள். குரல் மெல்லியதாக வந்தது.

"பூசைக்கு வைச்சிருக்கிறன்."

"இப்ப என்ன பூசை? நவராத்திரி புரட்டாசியிலையெல்லோ."

"பூசைக்கு வைச்சால் தொடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அம்மா. விஜயதசமி வரைக்கும் சாமி வைச்சிருக்கும் எண்டு."

சொன்னது உண்மைதான். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைச் சாமிக்கு முன் அடுக்கிவிட்டால், விஜயதசமி விடியும் வரை ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்துப் 'படி' என்று சொன்னால் சொன்னவருக்குப் பாவம் சேரும். பிள்ளைகள் அதை மறக்கிறதில்லை.

உதயகலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டரைக்கு வகுப்பு. இணுவிலுக்கு இருபது நிமிடம். இரண்டு எட்டு வைத்துச் சீலையை எடுக்கக் கையை நீட்டினாள். கை பூவுக்கு மேலே போய் நின்றுவிட்டது. விளையாட்டுக்கு வைத்ததோ உண்மையாய் வைத்ததோ, பூ வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்தாயிற்று. அவளால் அதைத் தொட முடியவில்லை. பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

சாப்பிட வந்த கோபிசங்கர் சாமியறை வாசலில் இருவரையும் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். பிஸ்கட்டைக் கண்டதும் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைக் கண்டதும் அது நின்றது.

"இதை விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம் என்ன?" என்றான். "இன்னும் மூண்டரை மாசம் கிடக்கு."

"பகிடி விடாதையுங்கோ. பள்ளிக்கூடப் பையும் அதுக்கை கிடக்கு. திங்கட்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்றாள் உதயகலா. பிறகு மகளிடம் திரும்பினாள். "மற்றதுகள் சரி. பள்ளிக்கூடப் பையை ஏன் வைச்சனி? உனக்குப் பள்ளிக்கூடம் விருப்பமெல்லோ?"

ஆரணி காற்பெருவிரலால் சீமெந்து நிலத்தைத் தேய்த்தாள்.

"எல்லாம் ஒண்டுதானே அம்மா. எல்லாத்துக்கும் கெதியா, கெதியா, ஓடு ஓடு எண்டுதானே."

உதயகலா நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. சரஸ்வதி கோபிப்பாள் என்று பயந்து பயந்து, சரஸ்வதி வந்து இருந்த வாயைத் தானே மூடிவிட்டோம் என்று பட்டது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடிக்கு அவள் பெரிதாகிவிட்டிருந்தாள், காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அன்று இணுவிலுக்கு யாரும் போகவில்லை.

கோபிசங்கர்தான் வழி சொன்னான். "பூசையைத் தொடங்கினது அவள். முடிக்கிறதையும் அவளே முடிக்கட்டும். நீ முறையாச் செய்து குடு."

மறுநாள் ஞாயிறு. உதயகலா விடியத் தலைமுழுகிக் கடலை அவித்தாள், அவலுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தாள். விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினாள். ஆனி மாதத்தில் ஒரு சரஸ்வதி பூசை அந்த வீட்டில் முறையாக நடந்தது. பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா மணிச் சத்தம் கேட்டு, "என்ன விசேசம்?" என்று மதிலுக்கு மேலால் கேட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் அவல் போயிற்று.

"இப்ப எடு" என்றாள் உதயகலா. "உனக்கு எது வேணுமோ அதை எடு. எடுக்காதது சாமியிட்டை இருக்கட்டும். சாமி கோபிக்காது."

கடைசி வசனம் அவளுக்கு லேசில் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஆரணி கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அடியில் கிடந்த பள்ளிக்கூடப் பையை, மேலே இருப்பவை சரியாதபடி மெதுவாக உருவி எடுத்தாள். உதயகலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயின் கண் நடனச் சீலையில் நின்றதைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு இது எப்படித்தான் விளங்குமோ தெரியாது. அவளுடைய கை மெல்ல மெல்லச் சீலையை நோக்கிப் போனது.

அந்தக் கையைக் கண்டபோதுதான் உதயகலாவுக்கும் விளங்கியது. தான் எட்டு வயதில் வீட்டோடு விட்டுவிட்டு நடந்த சீலை அது. அதை இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையின் இடுப்பில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மாக்காக எடுக்காதை" என்றாள்.

ஆரணியின் கை நின்றது. "உண்மையாவோ?"

"ஓம். உண்மையா."

கையை இழுத்துக்கொண்டு ஆரணி ஒரு மூச்சு விட்டாள். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு மூச்சு எங்கே இருந்ததோ.

பிறகு வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. உதயகலா அதற்குத்தான் நடுங்கினாள். ஆனால் சாமியிடம் இருக்கிறது என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் எந்த ஆசிரியர்தான் எதிர்த்துக் கதைப்பார்? பண்ணிசை ஐயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குணலட்சுமி ரீச்சர் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கு உந்த மூளை எட்டு வயசிலை வரேல்லையே" என்று சிரித்தார். லெனாட் சேர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப என்ரை சதுரங்கப் பெட்டியும் சரஸ்வதியிட்டையோ?"

"ஓம் சேர்."

"சரி, நல்ல இடந்தான்."

ரியூசன் கொப்பிகளும் அங்கேயே கிடந்தன. அந்த ஆசிரியரிடம் கோபிசங்கர்தான் போய்ச் சொன்னான். வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தான்.

செவ்வாயும் வியாழனும் ஆரணி பள்ளிக்கூடத்தில் நின்றாள். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் தெரியவில்லை. உதயகலா பொறுத்துக்கொண்டாள். பொறுமை அவளுக்குப் பழக்கமில்லாத கலை. அதற்கு நல்ல நாளும் பார்க்கவில்லை, தட்டமும் வைக்கவில்லை. தவறான முடிவோ என்று சில விடியல்களில் பயம் வந்தது. வந்தபோது எழும்பிப் போய்க் கிணற்றடியைக் கூட்டினாள்.

ஆவணி தொடக்கத்தில், தவணை முடிகிற வியாழக்கிழமை, மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவரப் போனாள். முற்றத்தில் கிளித்தட்டு நடந்துகொண்டிருந்தது. புழுதிக்குள் எது தன் பிள்ளை என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நிமலினி ரீச்சர் தேர்ச்சி அறிக்கையோடு வந்தார். கணிதம் அறுபத்துமூன்று. தமிழ் எழுபத்தெட்டு. வானத்தைப் பிளக்கிற புள்ளி ஒன்றுமில்லை. உதயகலா மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"உங்களோடை ஒரு முறைப்பாடு இருக்கு" என்றார் ரீச்சர். முகத்தை வலு இறுக்கமாக வைத்திருந்தார்.

"என்ன ரீச்சர்?" என்றாள் உதயகலா.

"ஆரணி வகுப்பிலை ஒரே கதை. பக்கத்துப் பிள்ளையை ஒரு கணக்குச் செய்ய விடுறாவில்லை. நேற்று பின்னம் படிப்பிக்கேக்கை, ஒரு தோசையை எத்தினை துண்டு வெட்டினால் தோசை இல்லாமல் போகும் எண்டு கேட்டவ. அதோடை எனக்கு அந்தப் பாடம் போச்சு. நாற்பது நிமிசமும் தோசைதான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர். நான் கண்டிச்சு வைக்கிறன்."

சொல்லி முடிப்பதற்குள் உதயகலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ரீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வடிவாக் கண்டியுங்கோ" என்றார்.

அவள் கண்டிக்கவில்லை. புழுதியும் வியர்வையுமாக ஸ்கூட்டியில் ஏறிய ஆரணி வாசல் தாண்ட முன்னமே தொடங்கிவிட்டாள். யார் விழுந்தது, யார் அளாப்பி ஆட்டத்தைக் குழப்பியது, யாருடைய சப்பாத்து வாய்க்காலுக்குள் போனது, பின்னத்தில் தோசை உண்மையில் எப்போது முடியும், ரீச்சர் ஏன் அதற்குப் பதில் சொல்லவில்லை. உதயகலா 'ம்' போட்டுக்கொண்டே வந்தாள். சந்தியால் திரும்பினால் ஐந்து நிமிடத்தில் வீடு. அவள் திரும்பவில்லை. தோட்டங்களுக்குள்ளால் போகிற சுற்றுப் பாதையில் ஸ்கூட்டியை விட்டாள். கதை முடிய இன்னும் கன நேரம் இருந்தது.